விழுகிற பல்தானே?

(குழந்தைகளின் பல்நலம் குறித்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பேச வந்த பொருள் ஒரு கட்டைவிரல் அளவுதான். “பிள்ளை எந்நேரமும் விரல் சூப்புது டாக்டர், பல்லு எத்திக்குமா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்லிவிடுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விரல் சூப்பும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால், பெற்றோர் கேட்க வந்த சங்கதி ஒன்றாக இருக்கிறது. உள்ளே நடந்துகொண்டிருக்கும் சங்கதி வேறொன்றாக இருக்கிறது. இரண்டையும் இன்று பேசுவோம்.

பல்லைப் பற்றிப் பேச இந்த மண்ணைவிடப் பொருத்தமான மண் ஏது? பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், மழை அரித்துப் பிளந்த ஓடைகளில், சுறாமீன்களின் பற்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தச் சுறாவின் உடம்பு போய்விட்டது. அதற்கு எலும்புக்கூடும் குருத்தெலும்புதான். அதுவும் பெரும்பாலும் மக்கிப் போய்விட்டது. பல் மட்டும் கெடாமல் கிடக்கிறது. சுறாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பல் விழுந்தால் பின்னாலிருந்து அடுத்த பல் வரும். அது விழுந்தால் இன்னொன்று வரும். வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். நமக்கு எத்தனை முறை? இரண்டே முறை. பால்பல் 20, பிறகு 32. அதோடு கணக்கு முடிந்தது.

10 கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் கெடாத பொருள் பல். அது நம் பிள்ளையின் வாயில் மூன்றே வயதில் கரைந்து, கறுத்து, வேர் மட்டுமாய் நிற்கிறதே, எதனால்? கட்டைவிரலாலா?

முதலில் விரலை விசாரிப்போம்.

விரல் சூப்புவதைப் பிள்ளை யாரிடம் கற்றுக்கொண்டது? யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தாயின் வயிற்றிலேயே அது விரல் சூப்பத் தொடங்கிவிடுகிறது; ஸ்கேன் எடுக்கும்போது நம் கண்ணுக்கே தெரிகிறது. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியல் அறிஞர், கருவில் விரல் சூப்பிய பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தார். வயிற்றில் வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பிள்ளைகளும் வலக்கைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிற பழக்கம் இது. பிறந்தவுடன் மார்பில் வாய் வைத்து உறிஞ்சத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கான ஒத்திகை அங்கேயே நடக்கிறது. பசிக்காத நேரத்திலும் சூப்பினால் பிள்ளைக்கு மனம் அடங்குகிறது, அழுகை ஓய்கிறது, தூக்கம் வருகிறது. ஆலிலையில் படுத்துக் கால்விரலை வாயில் வைத்திருக்கும் கண்ணனை வீட்டுக்கு வீடு காலண்டரில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்தப் படத்தை வரைந்தவன் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவன்.

அப்படியிருக்க, நம் வீட்டுப் பிள்ளை விரலை வாயில் வைத்ததும் ஏன் நமக்குக் கோபம் வருகிறது?

கோபம் நமக்கு மட்டும் வரவில்லை. 1844இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் என்ற மருத்துவர், தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு படக்கதைப் புத்தகத்தைத் தாமே எழுதி வரைந்தார். மறு ஆண்டு அது அச்சாகி உலகமெல்லாம் பரவியது. அதில் ஒரு கதையில், விரல் சூப்பாதே என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போகிறாள், பையன் சூப்புகிறான், ஒரு தையல்காரன் பெரிய கத்தரியோடு பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரல்களையும் வெட்டிவிடுகிறான். எழுதியவர் ஒரு மருத்துவர்! எழுதப்பட்டது ஒரு மூன்று வயதுக் குழந்தைக்காக! பிறகு மேல்நாடுகளில் குழந்தையின் கைக்கு உலோக உறைகூட மாட்டினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? வேப்பெண்ணெய் தடவுகிறோம். அது போதவில்லை என்றால் மிளகாய்த்தூள் தடவுகிறோம். அந்தக் கையாலேயே பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு துடிப்பதைப் பார்த்த தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். “சூடு போட்டுடுவேன்” என்கிறோம். “பூச்சாண்டி வந்து விரலை வெட்டிட்டுப் போயிடுவான்” என்கிறோம். வந்த விருந்தாளி முன்னால், “இத்தாம் பெரிய பிள்ளை இன்னும் கை சூப்புது பாருங்க” என்று சிரிக்கிறோம். அவமானப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? மூலையில் போய் உட்கார்ந்து, அந்த அவமானத்தை ஆற்றிக்கொள்ள மறுபடியும் விரலைத்தான் வாயில் வைக்கும். அதற்கு வேறு என்ன தெரியும்?

“விரல் சூப்பினா பல்லு எத்திக்கும்” என்று பெரியவர்கள் சொல்வது பொய்யா? இல்லை. அவர்கள் சொல்வது உண்மை. எந்த வயதில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மருத்துவம் அந்த வயதைத்தான் கூட்டிச் சொல்கிறது. ஒரு வயதில் சூப்பினால் கவலை வேண்டாம். இரண்டு வயதில் சூப்பினாலும் கவலை வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள், யாரும் அடிக்காமல், யாரும் எதையும் தடவாமல், விளையாட்டிலும் பேச்சிலும் மனம் போய் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். நான்கு தாண்டியும் நிற்கவில்லையா? அப்போது கவனியுங்கள். ஆறு வயதில், விழுந்த பால் முன்பல்லுக்குப் பதிலாக நிரந்தரப் பல் முளைக்கிறதே, அந்த நேரத்திலும் விரல் வாயில் இருக்கிறதா? அப்போது தாமதிக்கவே கூடாது.

வாயில் விரல் இருந்தால் அப்படி என்ன நடக்கிறது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பலர் தவறாக நினைக்கிற இடம் இது. விரல் மேல்முன்பற்களை வெளியே தள்ளுகிறது, கீழ்முன்பற்களை உள்ளே சாய்க்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்து நடப்பது. நாக்கு சும்மா இருக்கும்போது மேலண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டும். அது உள்ளிருந்து அண்ணத்தை அகலமாக வைத்திருக்கும். விரல் உள்ளே வந்தால் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. உறிஞ்சும்போது இரண்டு கன்னங்களும் உள்ளே ஒட்டுகின்றன. உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லை. வெளியிலிருந்து கன்னம் அழுத்துகிறது. மேல்தாடை குறுகிவிடுகிறது. மேலும் கீழும் உள்ள கடைவாய்ப் பற்கள் பொருந்தாமல் மாறிக் கடிக்கின்றன. முன்பக்கம் பல்லைக் கடித்தாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியில் நாக்கை நீட்டித்தான் பிள்ளை எச்சில் விழுங்குகிறது, ‘ஸ’ சொல்கிறது. முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியாமல் ஓரமாய்க் கொண்டுபோய்க் கடிக்கிற பிள்ளையைக் கண்டால், அதன் வாயைத் திறந்து பாருங்கள்.

இதில் மூன்று கேள்விகள் முக்கியம். எத்தனை தடவை சூப்புகிறது? எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது? எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது? இந்த மூன்றில் பெரியது நேரம். பல் பலத்த அழுத்தத்தால் நகர்வதைவிட, மெல்லிய அழுத்தம் விடாமல் இருப்பதால் நகர்கிறது. ஒரு நாளில் ஆறு மணி நேரம் அளவுக்கு அழுத்தம் இருந்தால் பல் இடம் மாறத் தொடங்கும் என்பது பல்சீரமைப்பு மருத்துவர்களின் கணக்கு. பகலில் பத்து முறை வாயில் வைத்து எடுக்கிற பிள்ளையைவிட, இரவு முழுக்க விரலோடு தூங்குகிற பிள்ளையின் பல்தான் அதிகம் நகரும். பகலில் விரட்டி விரட்டி அடிக்கிறோம். இரவில் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். தலைகீழாகச் செய்கிறோமே!

இன்னொரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். நிரந்தர முன்பற்கள் வருவதற்கு முன்பு பழக்கம் நின்றுவிட்டால், முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உதடும் நாக்குமே பல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். குறுகிப்போன கடைவாய் மட்டும் அப்படித் தானாகச் சரியாவது குறைவு. அதற்கு மருத்துவர் தேவை. பல் எத்தியே நின்றுவிட்டால் அழகுக் குறை மட்டுமா? விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். மேல்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளி நிற்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் அடிபடும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. (இதை நடுவில் சொல்லி வைக்கிறேன்: நிரந்தரப் பல் அடிபட்டு முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தேய்க்காமல், ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் மறுபடியும் பதிக்க வழி உண்டு.)

சரி, நான்கு வயதாகிவிட்டது, நிற்கவில்லை. என்ன செய்வது?

எப்போது சூப்புகிறது என்று முதலில் பாருங்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் அம்மா விடிவதற்கு முன் தோப்புக்குப் போய்விடுகிறாள். செட்டிகுளம் பக்கம் வெங்காயம் அறுக்கப் போகிறாள். வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி எடுக்கப் போகிறாள். பிள்ளை ஏணையில் அப்பாயியோடு இருக்கிறது. அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். கைபேசித் திரையில் மட்டும் வருகிறார். வீட்டில் புதிதாய் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். விட்டுவிட்ட பழக்கம் அந்த வாரமே திரும்பி வருகிறது. அந்த வாரத்தில் விரலில் எதையும் தடவாதீர்கள். மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிள்ளை கைபேசியில் பொம்மைப்படம் பார்க்கும்போது மட்டும் சூப்பும். அதற்கு மருந்து கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, கையில் களிமண்ணையோ சுண்ணக்கட்டியையோ கொடுப்பது. இரண்டு கையும் வேலையாக இருந்தால் விரல் வாய்க்கு எப்படிப் போகும்?

பிறகு பிள்ளையிடமே பேசுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும். கண்ணாடியில் அதன் பல்லைக் காட்டுங்கள். “நாம ரெண்டு பேரும் சேர்ந்து விடலாமா?” என்று கேளுங்கள். நாள்காட்டியில், சூப்பாமல் தூங்கிய நாளுக்கு ஒரு பூப்படம் ஒட்டச் சொல்லுங்கள். தவறிய நாளில் ஒன்றும் சொல்லாதீர்கள். இரவில் கையில் மெல்லிய பருத்தி உறை மாட்டிவிடுங்கள். அதைத் தண்டனையாக மாட்டாதீர்கள், “தூக்கத்துல மறந்துட்டா இது ஞாபகப்படுத்தும்” என்று சொல்லி அதன் சம்மதத்தோடு மாட்டுங்கள். கசப்பு தடவுவதும் பிள்ளை ஒப்புக்கொண்டால் உதவும். கட்டிப்பிடித்துத் தடவினால் உதவாது. இத்தனைக்குப் பிறகும் ஆறு வயதில் தொடர்ந்தால், அண்ணத்தில் பொருத்துகிற சிறு கம்பிக் கருவி இருக்கிறது. அது விரல் அண்ணத்தில் அழுந்தவிடாது. சூப்புகிற சுகம் போய்விடும். பிள்ளையும் விட விரும்பினால்தான் அதைப் பொருத்த வேண்டும் என்பது என் கருத்து. விருப்பமில்லாத பிள்ளை கருவியைப் பிடுங்கி எறிந்துவிடும், அல்லது வேறொரு பழக்கத்தைத் தேடிக்கொள்ளும்.

கையோடு சேர்த்து, கையில் கட்டியிருப்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள். வசம்பு வளையல் கட்டுகிறோம். பிள்ளை விரலோடு அதையும் சப்புகிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் அது கட்டிகளை உண்டாக்கியதால், 1968இலேயே அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். வாய்க்கு எட்டுகிற இடத்தில் அது வேண்டாம். நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மண்ணில் விளையாடிய விரல் வாய்க்குப் போனால் குடற்புழு முட்டையும் உள்ளே போகும். அங்கன்வாடியில் தருகிற குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

விரலை விசாரித்துவிட்டோம். நான்கு வயது வரை அதன் மேல் குற்றமில்லை. அப்படியானால் மூன்று வயதில் பல்லைக் கரைத்தது யார்?

இங்கேதான், தாய்மார்களே, நான் உங்களிடம் மன்றாட வருகிறேன். விரலை அடிக்கிறோம், பால்புட்டியைக் கொஞ்சுகிறோம். விரலில் வேப்பெண்ணெய் தடவுகிறோம். ரப்பர் காம்பில் தேன் தடவுகிறோம். விரலைக் கண்டால் நமக்குக் கண் சிவக்கிறது. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்து, ஏணையை ஆட்டி, பிள்ளை தூங்கியதும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறோம்.

அந்தப் புட்டி வாயில் இருக்கும்போது என்ன நடக்கிறது? தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பகலில் பல்லைக் கழுவிக் காப்பாற்றுகிற எச்சில் இரவில் இல்லை. இனிப்புப் பால் மேல்முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. 1924இலேயே கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. பால்பல்லின் மேற்பூச்சு நிரந்தரப் பல்லின் பூச்சில் ஏறத்தாழ பாதி கனம்தான். அது எத்தனை இரவு தாங்கும்? கீழ்முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை தப்பித்துவிடுகின்றன. மேலே நான்கும் கறுத்துக் கரைந்திருக்க, கீழே நான்கும் வெள்ளையாய் நிற்கும் வாயைப் பார்த்தால், எங்களுக்குக் கேட்கவே வேண்டாம்: புட்டி இருந்திருக்கிறது.

இனிப்பு பிறந்த அன்றே தொடங்குகிறது. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் தொட்டு வைக்கிறோம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர்வித்து பச்சைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ‘பாட்டுலிசம்’ என்ற நோயைத் தரலாம். பிறகு அப்பா வெளிநாட்டிலிருந்து வருகிறார். பெட்டியைத் திறந்தால் பால்பவுடர் டப்பா, சாக்லேட் டப்பா. இரண்டு வருடம் பிள்ளையைப் பார்க்காத மனிதர் வேறு எப்படித் தம் பாசத்தைக் காட்டுவார்? எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள், நாள் முழுக்கப் பத்து முறை கொடுக்காதீர்கள். எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதும் பல்லுக்குக் கணக்கு.

பால்புட்டிக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடருக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992இலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஒரு பொருளுக்கு விளம்பரமே கூடாது என்று நாடாளுமன்றம் சொல்கிறது என்றால், அதில் எவ்வளவு கேடு இருக்கும் என்று யோசியுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால். வேறு பால் கொடுக்க நேர்ந்தால் பாலாடை இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. ஒரு வயதுக்குள் டம்ளரில் குடிக்கப் பழக்குங்கள். புட்டியை ஒரே நாளில் பிடுங்க முடியவில்லையா? இரவுப் பாலில் சர்க்கரையை நிறுத்துங்கள். நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டுங்கள். வெறும் தண்ணீராகிவிட்டால் பிள்ளையே அதைத் தள்ளிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லா ஊரிலும் எனக்கு ஒரே பதில் வருகிறது. எந்தப் பதில்? “விழுகிற பல்தானே டாக்டர்!”

விழுகிற பல்தானே! இந்த இரண்டு சொற்கள் எத்தனை பிள்ளைகளைத் தூக்கமில்லாமல் அழ வைத்திருக்கின்றன! விழுகிற பல்தான். எப்போது விழுகிறது? முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பல்? இரண்டரை வயதில் முளைத்து, பத்துப் பதினொரு வயதில் விழும். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அந்தப் பல்லால்தான் பிள்ளை மென்று தின்ன வேண்டும். அங்கன்வாடியில் முட்டை போடுகிறார்கள். பள்ளியில் பயறு போடுகிறார்கள். மெல்லும்போது பல் வலித்தால் பிள்ளை எதைத் தின்னும்? பிஸ்கட்டைப் பாலில் நனைத்துத் தின்னும். அதனால் இன்னும் சொத்தை. ஒரு பக்கம் எடை ஏறவில்லை என்று வருத்தப்படுகிறோம். வாயைத் திறந்து பார்க்க மறந்துவிடுகிறோம்.

விழுகிற பல்தான். அதன் வேருக்கடியில் என்ன இருக்கிறது? நிரந்தரப் பல்லின் குருத்து இருக்கிறது. மேலே சீழ் வைத்தால் கீழே வருகிற பல்லும் பழுதோடு பிறக்கலாம்.

விழுகிற பல்தான். அது யாருக்காக நிற்கிறது? துறையூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, பால்பல் அப்படித் துண்டு போட்டு வைத்திருக்கிறது. முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் துண்டை எடுத்த மாதிரி. பக்கத்துப் பல் சாய்ந்து உட்கார்ந்துவிடும். பின்னால் வருகிற நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாய் வரும். “எங்க வம்சத்துல யாருக்கும் தெத்துப்பல் கிடையாதே” என்று அப்போது சொல்லி என்ன பயன்?

இன்னும் ஒன்று. இதை மட்டுமாவது வீட்டில் போய்ச் சொல்லுங்கள். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்றே வீட்டில் நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல்! சாகும்வரை இருக்க வேண்டிய பல்! ஒன்பது பத்து வயதில் அதில் பெரிய குழியோடு வருகிறார்கள். “பிடுங்கிடுங்க டாக்டர், விழுகிற பல்தானே” என்கிறார்கள். “அது விழுகிற பல் இல்லம்மா” என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை. யாரும் அவரிடம் முன்பே சொல்லவில்லை. அவர் மேல் என்ன தவறு?

நம் தமிழ்க் குடும்பங்கள் பால்பல்லை மதிக்காதவை அல்ல. யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிந்து கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று பதறுகிறோம்; விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிகிறோம். முளைக்கிற நாளையும் விழுகிற நாளையும் இவ்வளவு கவனிக்கிறோம். நடுவில் இருக்கிற ஆண்டுகளை யார் கவனிப்பது?

பூச்சிப்பல் என்று சொல்லிக் கண்டங்கத்திரிப் புகை பிடிக்கிறார்கள். புழு விழுந்தது என்று காட்டுகிறார்கள். பல்லில் புழு கிடையாது. பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் 1728இலேயே, தேடிப் பார்த்தேன், புழு இல்லை என்று எழுதிவிட்டார். சர்க்கரையையும் அவர் அப்போதே குற்றம் சாட்டினார். சிறுபிள்ளை வாயில் புகை பிடிப்பது தீக்காயத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் வழி. தயவுசெய்து வேண்டாம்.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று யாரும் கூனிக்குறுக வேண்டாம். உலகம் முழுவதும் 51 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. அத்தனையும் தடுக்கக்கூடிய நோய். தடுக்கப் பெரிய செலவும் இல்லை.

முதல் பல் முளைத்த அன்றே துலக்கத் தொடங்குங்கள். பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக்கொண்டால் வாய் நன்றாகத் தெரியும். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பற்பசை, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி தூரிகை முழுக்கப் பிதுக்காதீர்கள். உங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று சோதனையில் தெரிந்திருந்தால், பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கல்பொடி வேண்டாம், அடுப்புக்கரி வேண்டாம், பால்பல் தேய்ந்துவிடும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஏழெட்டு வயது வரை, பிள்ளை தானே துலக்கினாலும் பெரியவர் ஒருவர் மறுபடி துலக்கிவிட வேண்டும்.

வாரம் ஒரு நாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற அன்று, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவிய மாதிரி வெள்ளைக்கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் நாள். அன்றைக்கு வந்தால் துளையே போடாமல் காப்பாற்றலாம். பழுப்பான பிறகு வந்தால் அடைக்கலாம். கறுத்து வீங்கிய பிறகு வந்தால்? எங்களுக்கும் வலி, பிள்ளைக்கும் வலி.

அங்கன்வாடிச் சகோதரிகளே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். நீங்கள் தருகிற சத்துமாவில் வெல்லம் இருக்கிறது. அது வேண்டிய சத்து, குறைக்கச் சொல்லவில்லை. உருண்டையைத் தின்று முடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்று வாய் கொப்பளிக்கட்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் மையத்துக்கு வர வேண்டும்; பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் பல்லும் இருக்கிறது. எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், கண் பார்ப்பார்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் வாய் விட்டுப்போகும். “டாக்டர், பல்லையும் பாருங்க” என்று நீங்கள் கேட்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு மேல்பல் கறுத்திருக்கிறது, நான்கு வயது தாண்டியும் எந்தப் பிள்ளை தூங்கும்போது விரல் சூப்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், அந்த நோட்டே பாதி மருத்துவம் பார்த்துவிடும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மீன்சுருட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரி எட்டுகிற தூரம். 2023இல் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் குன்னத்திலிருந்தும் திருமானூரிலிருந்தும் ஒரு கூலிவேலைத் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் இருக்கிற நாளை, குழந்தைகளுக்கென்று நேரம் ஒதுக்குகிற கிழமையை, கிராமசபையில் எழுந்து கேளுங்கள். சாலை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம், இதையும் கேட்போம். தீர்மானமாக எழுதி வாங்குவோம்.

பேச்சு இத்தோடு போதும். வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள். ஒரு வயது ஆன பிள்ளை முதல் எல்லோரையும் பார்க்கிறேன். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. பால்புட்டி கொண்டுவந்தவர்கள் ஒளித்து வைக்க வேண்டாம், அதையும் எடுத்து வாருங்கள். எப்படி நிறுத்துவது என்று சேர்ந்து பேசுவோம். பகல் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பவர்கள் நீங்கள்தான் என்பதால், அப்பாயிமார்களும் அம்மாயிமார்களும் முதல் வரிசையில் வாருங்கள்.